நீளமான பொருட்கள் கையாளப்படும் இடம்

எண்பத்துமூன்று ஆவணியில் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது பெர்னடெட்டின் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. கொழும்பில் ஏழு வருடமாக அவள் ஆங்கிலத் தட்டச்சு செய்த கந்தோர் கலவரத்தில் எரிந்து போயிருந்தது. குருநகரில் தாய் தகப்பனோடு ஆறு மாதம் சும்மா இருந்தாள். பிறகு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்னத் தொழிற்பயிற்சி நிலையம் அவளைக் கூப்பிட்டது. வயரிங் பழகுகிறவர்களுக்காக ஆங்கில விதிப்புத்தகத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு வயரிங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. அங்கே படிப்பித்த சீவரத்தினத்துக்கு எல்லாம் தெரியும், ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனை நகராது. உரும்பிராயிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வருகிற மனிதர். ஐம்பது வயது, முன்கோபி, நியாயஸ்தர்.

"நான் விளங்கப்படுத்துறன், நீர் எழுதும்," என்றார் முதல் நாளே. "வீட்டு வயரிங்குக்குத் தேவையானதை மட்டும் எடுப்பம். தொழிற்சாலைக் கதையெல்லாம் எங்கடை பெடியளுக்கு வேண்டாம்."

அப்படித்தான் ஒரு வசனம் விடுபட்டது.

கரண்ட் ஓடுகிற பகுதி எதுவும் மனிதரின் கைக்கு எட்டக்கூடாது என்பது விதி. கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் விதியே அளந்து வைத்திருந்தது: நிற்கிற இடத்திலிருந்து மேலே இரண்டரை மீற்றர், பக்கத்தில் ஒன்றேகால் மீற்றர். பெர்னடெட் கதிரையை விட்டு எழும்பிக் கையை உயர்த்திப் பார்த்தாள். விரல் நுனிக்கு மேலே இன்னும் எவ்வளவோ இடம் மிச்சமிருந்தது.

"உம்மை மாதிரிக் கட்டையான ஆக்களுக்கு மட்டும் எழுதின விதியில்லைப் பிள்ளை," என்று சீவரத்தினம் சிரித்தார்.

அதற்குக் கீழே இன்னொரு வசனம் இருந்தது. மின்சாரத்தைக் கடத்தக்கூடிய நீளமான அல்லது பருமனான பொருட்கள் வழக்கமாகக் கையாளப்படும் இடங்களில், அந்தப் பொருட்களின் அளவுக்கேற்ப இந்தத் தூரங்கள் கூட்டப்பட வேண்டும்.

"உது இரும்புக் குழாய் தூக்கித் திரியிற இடங்களுக்கு," என்று சொல்லி அவர் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். பெர்னடெட் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தச் சித்திரையில் பெர்னடெட்டின் வீட்டிலும் வயரிங் நடந்தது. சீவரத்தினத்திடம் வயரிங் பழகிய பக்கத்துத் தெரு அடைக்கலநாதன்தான் வேலை செய்தான். வீட்டிலிருந்து முற்றத்தைக் கடந்து வலைக்கொட்டிலுக்கு ஒரு வயரை மேலால் இழுத்திருந்தான். அதன் உயரத்தைப் பற்றி அவனுக்குப் பெருமை.

"முற்றத்துக்கு மேலாலை போற வயருக்குப் பதினொண்டரை அடி உயரம் காணும் எண்டு விதி. நான் பன்ரெண்டு விட்டிருக்கிறன் தங்கச்சி. வாற வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பாத்தால் அதுக்கு அடுத்த கிழமை கரண்ட்."

அடுத்த நாள், சனிக்கிழமை காலை பெர்னடெட் குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றாள். தகப்பன் சந்தியோகு கடலால் திரும்பி வந்தார். கடலடியில் ஊன்றி வள்ளத்தைத் தள்ளித் தாங்குகிற பதினெட்டு அடித் தடி அவருடைய தோளில் கிடந்தது. நாற்பது வருடமாக அவர் செய்வதுதான்: முற்றத்தின் நடுவில் நிற்பார், சேறு பிடித்த முனை மேலே வர ஒரே மூச்சில் தடியை நிமிர்த்துவார், அப்படியே நடந்துபோய்ப் பூவரச மரத்தில் சாத்துவார். அன்றும் நிமிர்த்தினார். கடல்தண்ணீர் தடி நெடுகிலும் வழிந்து அவருடைய இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டு முழங்கையால் சொட்டியது. தடியின் முனை புதிய வயரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

பெர்னடெட்டின் கையிலிருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணீர் காலில் ஊற்றியது. வயரில் இன்னும் கரண்ட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தகப்பன் மரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

பயம் அடங்கிய பிறகுதான் மற்றது வந்தது. குருநகரைக் கண்ணாலும் காணாத யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில் இருந்து, நீளமான பொருட்கள் வழக்கமாகக் கையாளப்படும் இடங்களில் என்று எழுதியிருக்கிறார். அந்த இடம் இந்த முற்றம். அந்தப் பொருள் அப்பாவின் தடி. வழக்கமாக என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அப்பாவின் நாற்பது வருடக் காலைகளும் இருந்தன. அவளுக்குக் கோயிலில் பெரிய பூசைக்கு மணி அடிக்கும்போது வருகிற ஒரு நடுக்கம் வந்தது. அதே வசனத்தை ஐந்து நாளுக்கு முன் அவள் கடந்து போயிருக்கிறாள்.

திங்கட்கிழமை சீவரத்தினம் கந்தோருக்குள் வந்து தொப்பியைக் கழற்றமுன் சொல்லிவிட்டாள். "சேர், நாங்கள் வெட்டின வசனத்தைத் திரும்பப் போடவேணும்."

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் புத்தகத்தை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார். "கடத்தக்கூடிய எண்டு கிடக்குதெல்லே? தடி மரம் பிள்ளை. மரம் கரண்டைக் கடத்தாது. அதோடை, வயருக்கு உறை இருக்கு."

"உப்புக் காத்திலை உறை எத்தினை வரியம் நிக்கும் சேர்?"

அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார்.

"கடல்தண்ணியிலை ஊறின மரமும் கடத்தாதோ?"

அவருக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. சத்தம் போடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ எழும்பி அலுமாரியைத் திறந்து, கையால் சுழற்றுகிற மெகர் பெட்டியை வெளியே எடுத்தார். ஒரு பொருள் கரண்டை எவ்வளவு மறிக்கிறது என்று காட்டுகிற கருவி அது.

"எனக்குத் தெரியாது," என்றார். "முப்பது வரியம் படிப்பிச்சிருக்கிறன், ஒருநாளும் அளந்து பாக்கேல்லை. நடவும், பாப்பம்."

குருநகர் வீட்டு முற்றத்தில் முதலில் கொட்டிலுக்குள் கிடந்த காய்ந்த தடியை எடுத்தார்கள். நுனியில் ஒரு செப்புக் கம்பி, கை பிடிக்கிற இடத்தில் இன்னொன்று என்று சுற்றி மெகரில் கொழுவினார். கைப்பிடியைச் சுழற்ற ஊசி மேல் முனைக்குப் போய் அங்கேயே நின்றது. "பாத்தீரோ? ஒண்டும் போகாது."

பிறகு சந்தியோகு அன்று காலை தாங்கிய தடியைக் கொண்டுவந்து நிலத்தில் வளர்த்தினார். அதில் இன்னும் ஈரம் மினுங்கியது. சீவரத்தினம் கம்பிகளை மாற்றிக் கட்டினார். ஒரு சுற்றுத்தான் சுற்றினார். ஊசி மேலிருந்து விழுந்து பூச்சியத்தோடு ஒட்டிக்கொண்டது.

சீவரத்தினம் கம்பிகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பக் கட்டிச் சுற்றினார். பூச்சியம். இடம் மாற்றிக் கட்டிச் சுற்றினார். பூச்சியம். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

"உதுக்குள்ளாலை கரண்ட் போகுமோ ஐயா?" என்று சந்தியோகு கேட்டார்.

"போகும் அண்ணை. உங்களைக் கொல்லக் காணும்."

சந்தியோகு குந்தியிருந்து தடியைத் தடவினார். தெரிந்த நாய் ஒன்று முதல்முறை பல்லைக் காட்டினால் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். "ஆர் பிள்ளை உதை எழுதினது?"

"பேர் போடேல்லை அப்பா. சீமையிலை கன பேர் கூடி எழுதினது."

"அதுக்குள்ளை கடலுக்குப் போறவன் ஒருத்தன் இருந்திருக்கிறான்," என்றார் சந்தியோகு, சந்தேகமே இல்லாமல்.

சத்தம் கேட்டு வந்த அடைக்கலநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் விதிப்படிதானே போட்டனான்? அளந்து பாருங்கோ."

"நீர் விதிப்படிதான் போட்டிருக்கிறீர். நான் படிப்பிச்ச விதிதான் பாதியிலை முடிஞ்சுபோச்சு," என்றார் சீவரத்தினம். "வாரும், இந்தக் கைப்பிடியை நீரே சுத்தும்."

அடைக்கலநாதன் சுற்றினான். ஊசி விழுவதை இரண்டு தரம் பார்த்தான். பிறகு வயரையும் தடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சேட்டுக் கையை மடித்தான். "அக்கா, ஏணி எங்கை கிடக்கு?" என்று பெர்னடெட்டின் தாய் லூர்த்தம்மாவைக் கேட்டான்.

பொழுது சாய்வதற்குள் முற்றத்துக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது. வயர் பின்சுவரோடு சுற்றி, குழாய்க்குள் ஒளிந்து கொட்டிலுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர், கிட்டவாகப் போகாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைத்தீர்கள் என்று கேட்டார். லூர்த்தம்மா பூவரச மரத்தில் சாத்தியிருந்த தடியைக் கையால் காட்டினாள். அவர் அதன் நுனிவரைக்கும் கண்ணை உயர்த்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வயரை மாற்றிய அன்று பின்னேரம் சைக்கிளில் ஏறும்போது சீவரத்தினம் பெர்னடெட்டிடம் சொன்னார்: "எங்கடை வீட்டுக் கிணத்து மோட்டருக்குப் போற வயருக்குக் கீழைதான் முருங்கை நிக்குது. மனிசி மழை விட்ட கையோடை கொக்கத்தடியாலை காய் பறிக்கிறவ. பன்ரெண்டு வரியமா அதைப் பாத்துக்கொண்டு திரியிறன்." உரும்பிராய்க்கு அவ்வளவு வேகமாக அவர் மிதித்துப் போனதை அவள் முன்பு கண்டதில்லை.

ஆனியில் புத்தகம் ரோனியோப் பிரதி மெசினில் அடித்து முடிந்தது. நாற்பத்துநாலு பக்கம். மை காயமுன்னரே வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். எழுதினவரே வாசிக்கட்டும் என்று சீவரத்தினம் பெர்னடெட்டை முன்னால் நிறுத்தினார். அந்தப் பக்கம் வந்ததும் அவள் குரல் தானாகவே மெதுவாயிற்று. தடியையும் மெகரையும் பற்றி நாலு வரி சேர்த்துச் சொன்னாள்.

பின்வரிசையில் சாவகச்சேரிச் சண்முகநாதன் எழும்பி நின்றான். முப்பது வயதுக்காரன், இதுவரை வகுப்பில் வாயே திறக்காதவன்.

"சேர், நான் போகவேணும்."

"ஏன், என்ன?"

"போன கிழமை ஒரு வீட்டுக்கு வயர் இழுத்தனான். தென்னங்காணிக்குக் குறுக்காலை. கரண்டும் குடுத்தாச்சு." அவன் புத்தகத்தை மடித்துக் கையில் எடுத்தான். "நாளைக்கு அவை தடியாலை தேங்காய் பறிக்கினம். ராத்திரி அங்கை நல்ல மழை."

சீவரத்தினம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பதினொண்டரை பஸ் இருக்கு. ஓடும்! போனவுடனை முதல் மெயின் சுவிச்சை நிப்பாட்டும், கதை பிறகு."

படிக்கட்டில் அவனுடைய காலடி தடதடவென்று இறங்கிப் போயிற்று. வகுப்பில் இருந்தவர்கள் யன்னல் பக்கம் திரும்பி, தெருவில் அவன் ஓடுவதை மறையும் வரைக்கும் பார்த்தார்கள். பெர்னடெட் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மை இன்னும் விரலில் ஒட்டியது. தான் எழுதிய ஒரு தமிழ் வசனம் இப்போது சாவகச்சேரிக்கு பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள்.

"அக்கா," என்றான் முன்வரிசையில் ஒருவன். "எங்கடை தோட்டத்திலை கிணத்துத் துலா நிக்குது. அதையும் எழுதலாமோ?"

"பாய்மரம்," என்றான் இன்னொருவன்.

"ஈரக் கிடுகு கட்டின மூங்கில்."

"தேர்த்திருவிழாவுக்குக் கொண்டு போற கொடித்தடி."

ஒவ்வொருவராகத் தங்கள் வளவுக்குள் மனதால் போய் வந்து சொல்லத் தொடங்கினார்கள். சீவரத்தினம் கரும்பலகையை விட்டு விலகி, கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்று கேட்டார். பெர்னடெட் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள். ஓரம் நிரம்பியதும் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினாள்.