எடுக்கவா, காக்கவா

ரோம் நகரத்தில் ஒரு நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று சங்கரேஸ்வரி தோளுக்கு மேலே காசு வீசிய அதே நேரத்தில், ஆய்க்குடியில் அவளைப் பெற்றவளைச் சுடுகாட்டுக்குத் தூக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இது அவளுக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் புருஷன் இசக்கிதுரைக்கு அன்றைக்குக் காலையிலேயே தெரியும்.

இசக்கிதுரை இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தென்காசியில் அவர்கள் தெருவில் காசிக்குப் போனவர்கள் உண்டு, மலேசியா போனவர்கள் உண்டு, ஐரோப்பா போனவர் கிடையாது. அந்த முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் திட்டம் போட்டார். பிள்ளை குட்டி இல்லை. படுக்கையில் கிடந்த தாயார் தங்கத்தாயைப் பக்கத்து வீட்டில் இருக்கும் சித்தப்பா மகன் மாரிராஜ் பொறுப்பில் விட்டுவிட்டு, மே மாதம் ஒரு டூர் கூட்டத்தோடு கிளம்பினார்கள். கிளம்பும்போது சங்கரேஸ்வரியின் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ரெண்டு பேருக்கு ஒரு போன் போதும்ட்டி. அங்கன உன்னை யாரு கூப்பிடப் போறா?" என்றார்.

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. அவர் சொல்வதெல்லாம் சரியென்று படுவதற்கு அவள் முப்பத்தியொரு வருஷமாகப் பழகியிருந்தாள்.

ரோம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் பொய். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, இடிந்த மண்டபங்களை வாய் பார்த்து நடந்தாள். இடிந்ததை இடிந்தபடியே வைத்து டிக்கெட் போடுகிறார்களே, இந்தச் சாமர்த்தியம் நம்மவர்களுக்கு வரவில்லையே என்று கூட வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். ஊருக்குப் போனதும் அம்மா உலகம்மையிடம் சொல்ல அவளிடம் அவ்வளவு இருந்தது.

மூன்றாம் நாள் புதன்கிழமை. ஓட்டலில் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது இசக்கிதுரையின் போன் அடித்தது. அவர் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"யாரு?"

"எங்கூட ஸ்டேஷன்ல இருந்த மாடன். பென்ஷன் விஷயமாக் கேக்கான். நீ நல்லாச் சாப்பிடு, இன்னைக்கு நிறைய நடக்கணும்." ரொட்டியில் அவரே வெண்ணெய் தடவி அவள் தட்டில் வைத்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குப் பரிமாறியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பன்னிரண்டரை மணிக்கு அந்த நீரூற்று. காசு போட்டால் திரும்ப ரோமுக்கு வரலாம் என்று கூட்டிப்போன பையன் சொன்னான். "வேற வேண்டிக்கிடலாமா தம்பி?" என்று கேட்டாள். தாராளமாக என்றான். அம்மா நூறு வயசு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காசை வீசினாள்.

"ஏட்டி, சிரி. பல்லு தெரியச் சிரி," என்று இசக்கிதுரை போனைத் தூக்கிப் பிடித்தார். அவள் பல் தெரியச் சிரித்தாள். அந்தப் படத்தை அவர் அங்கேயே நின்று ஸ்டேட்டஸில் போட்டார்.

திரும்பி வந்தது திருவனந்தபுரம் வழியாக. ஆரியங்காவு தாண்டி, மலை இறங்கி, புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு கடையில் காரை நிறுத்தினார். அவள் பரோட்டா தின்று முடித்து டீ குடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார். சர்வீஸில் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று சாவுச் சேதி சொன்ன மனுஷர். வயிறு நிறைந்த ஆள் சத்தம் போடுவது குறைவு என்பது அவர் அனுபவம்.

"உங்கம்மா தவறிட்டா," என்றார். "நாளாச்சு."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "என்னைக்கு?" என்றாள்.

"புதன்கிழமை."

புதன்கிழமை எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். பிறகு அந்தக் கடை வாசலில், லாரிக்காரர்கள் பார்க்க, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்க்குடியில் தம்பி தங்கசாமியின் வீடு. மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. துக்க வீட்டுக்கு மகள் வந்தால் உள்ளே இருக்கும் பொம்பளைகள் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஆகாதவள் வந்தால்கூட அந்த மரியாதை உண்டு. சங்கரேஸ்வரி "எம்மா" என்று அலறிக்கொண்டு நுழைந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. தம்பி பெண்டாட்டி அனுசியா அவளைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். விரித்த கைகளோடு சங்கரேஸ்வரி கூடத்தின் நடுவில் நின்றாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கா?" என்றான் தங்கசாமி. "பதினோரு மணிக்கு உசுரு போச்சு. உடனே அத்தானுக்கு போன் போட்டேன். எடுக்கவா, காக்கவான்னு கேட்டேன். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு, மூணு நாளானாலும் காக்கம்னேன். அம்மைக்கு நீ ஒத்தப் பொட்டப்பிள்ள. எம் பொணத்துக்கு மொதத் தண்ணி எம்மவதான் ஊத்தணும்னு எத்தனை தடவ சொல்லிருப்பா? நீ காக்க வேண்டாம்னு சொல்லிட்டியாமே."

"நான் எப்பலே சொன்னேன்? எனக்குத் தெரியவே தெரியாதுலே!"

தங்கசாமி இசக்கிதுரையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்வார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்து அவள் பின்னால் பல நாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடு மாப்ள," என்றார் அவர். "துக்கத்துல என்னமோ பேசுதா. திரும்பிருவம்னுதான் நான் சொன்னேன். போயி என்ன செய்ய, போன உசுரா திரும்பப் போகுதுன்னு இவதான் சொல்லிட்டா."

எத்தனையோ கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொன்ன குரல். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

தங்கசாமி தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். நீரூற்று, ஸ்வெட்டர், கறுப்புக் கண்ணாடி, பல் தெரிகிற சிரிப்பு. "நாலு மணிக்கு அம்மையக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துட்டு வந்துக்கிட்டிருக்கோம், இது வருது. ஊரே பாத்துச்சு. பதினாறாம் நாளுக்கு நீ வர வேண்டாம். அதுக்குப் பொறவும் வர வேண்டாம்."

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று காரில் கேட்டாள்.

"பின்ன என்ன, உன் தம்பிகிட்ட நான் அடி வாங்கணுமாக்கும்? எம்பது வயசுக் கிழவி. நீ வந்து உக்காந்தா எந்திரிச்சு வந்திருப்பாளா? ரெண்டு நாள் அழு, சரியாப் போவும்." ஆய்க்குடி ரோட்டில் ஒரு பள்ளத்தைக் கவனமாக ஒதுக்கி ஓட்டினார்.

ரெண்டு நாளில் சரியாகவில்லை. தம்பிக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அவள் பேச்சை நம்பிய ஒரே ஆள் மாமியார் தங்கத்தாய்தான். பிள்ளை இல்லாததைப் பற்றி ஒரு நாளும் குத்திப் பேசாத கிழவி. கட்டிலில் கிடந்தபடியே மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மவன் செஞ்சது பாவம்ட்டி. உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ பறந்து வந்திருப்ப. எனக்குத் தெரியாதா? உன் தம்பிய வரச் சொல்லு, நான் சொல்லுதேன்." ஆள் விட்டும் தங்கசாமி வரவில்லை.

ஜூன் கடைசியில் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் தண்ணீர் நல்லபடியாக விழுகிறது என்று கேள்விப்பட்டதும் இசக்கிதுரைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "வாட்டி, ஒரு குளி போட்டுட்டு வருவம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே எத்தனை நாளைக்கு இருப்ப?" என்றார். காலையில் மாமியாருக்குத் தலைவாரி, கஞ்சி கொடுத்து, மாரிராஜ் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். காரில் கால் மணி நேரம்கூட ஆகாது.

பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். குளிக்காதவர் பையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் குளிக்கவில்லை என்றாள். அவர் சட்டை, வேட்டி, வாட்ச், மோதிரம், போன் எல்லாவற்றையும் அவள் மடியில் போட்டுவிட்டு, எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போனார். நெடுநேரம் நிற்கிறவர்களை விசில் ஊதி விரட்டிக்கொண்டிருந்த ஏட்டு, பழைய இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் சல்யூட் அடித்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

போன் அடித்தது. மாரிராஜ்.

"மதினி, அண்ணன் எங்க? பெரியம்மைக்குத் திடீர்னு மூச்சு இழுக்குது. டாக்டர் பாத்துட்டாரு, கொஞ்ச நேரந்தான்னுட்டாரு. 'தொர எங்க, தொர எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. வாசலயே பாக்காவ மதினி. உடனே கெளம்பி வாங்க."

சங்கரேஸ்வரி பதறி எழுந்தாள். மோதிரம் உருண்டு விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் ஆண்கள் பக்கத்துக் கம்பி வரைக்கும் ஓடினாள். அங்கிருந்து அவர் நன்றாகத் தெரிந்தார். அருவிக்கு நேர் கீழே, இரண்டு கையையும் விரித்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

ஏட்டு அவளைப் பார்த்துவிட்டார். "என்னம்மா, ஐயாவக் கூப்பிடணுமா? ஒரு விசில் ஊதுனா வந்துருவாக."

அவளுக்கு மாமியாரின் கை நினைவுக்கு வந்தது. பிறகு, கூடத்தின் நடுவில் யாரும் வந்து பிடிக்காத தன் கைகள் நினைவுக்கு வந்தன. கிழவி மேல் அவளுக்கு இரக்கம் இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"வேண்டாம்," என்றாள். "குளிக்கட்டும்."

போனில் மாரிராஜ் இன்னும் இருந்தான். "குளிச்சுக்கிட்டு இருக்காவ. வந்ததும் சொல்லுதேன்," என்று சொல்லி வைத்தாள். பிறகு கம்பி ஓரத்தில் நின்று அவரை ஒரு படம் எடுத்தாள். மோதிரத்தைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

இருபது நிமிஷம் கழித்து மறுபடியும் அடித்தது. "முடிஞ்சுட்டு மதினி," என்று மாரிராஜ் அழுதான். "கடைசி வர கண்ண வாசல்லயே வச்சிருந்தாவ. அண்ணன்கிட்ட சொன்னியளா? கெளம்பியாச்சா?"

"சொல்லிட்டேன்," என்றாள். "அவசரம் இல்லன்னுட்டாவ."

அவள் துண்டித்தாள். மாமியாருக்காகக் கொஞ்ச நேரம் அழுதாள், உண்மையாகவே அழுதாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அவர் ஸ்டேட்டஸ் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய விரலால், அருவிக்குக் கீழே அவர் சிரிக்கிற படத்தை அவர் பேரிலேயே போட்டாள். போனின் சத்தத்தை அடைத்துப் பைக்குள் வைத்தாள்.

இசக்கிதுரை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். இருபது வயது குறைந்த மாதிரி இருந்தார். "என்னா தண்ணி! ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்லாட்டி?"

"எடுத்திருக்கேன்."

"போன் ஏதும் வந்துச்சா?"

"மாரிராஜுதான். வேற ஒண்ணுமில்ல."

அவர் வேட்டியைக் கட்டினார். சூடாக ஒரு மிளகாய் பஜ்ஜி கேட்டார். அவளே போய் வாங்கி வந்து, காகிதத்தில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். நல்லாச் சாப்பிடுங்க என்றாள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஐந்தருவிக்கும் ஒரு எட்டுப் போயிட்டுப் போவமா?" என்றார் வாய் நிறைய பஜ்ஜியோடு.

"போவம்," என்றாள் சங்கரேஸ்வரி.

கார் தென்காசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப் பக்கமாகக் கிளம்பியது. ஐந்தருவி போய்ச் சேர்வதற்குள் நாற்பத்தேழு பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டிருந்தார்கள். முதலில் பார்த்தவன் மாரிராஜ்.