பீரோவுக்குள் ரவுட்டர்

என் வீட்டுக்காரர் முஸ்தபாவுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவருக்கு ஆத்திரம் வந்தால் புத்தி கேம்ப் ரோடு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சம்பந்தி வீட்டாருக்குப் பிரியாணி போட்ட கையோடு, எங்கள் மகள் ஷாயிஸ்தாவின் வாழ்க்கையை அடித்து நொறுக்கப் பார்த்தார்.

எல்லாம் ஒரு சங்கிலியில் ஆரம்பித்தது. கல்யாணத்தன்று நகைத் தட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது அதில் ஐந்து பவுன் சங்கிலி இருந்தது. மேடைக்கு வந்தபோது இல்லை. "சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே" என்றேன். கேட்டால் நீங்கள்தான் திருடினீர்களா என்று கேட்டது போலாகிவிடும், பெண்ணைக் கொடுத்த இடம், வாயை மூடு என்றார். மூடினேன். அன்றிலிருந்து அவருக்குப் பூட்டுப் பைத்தியம் பிடித்தது. மிச்ச நகை, வீட்டுப் பத்திரம், கல்யாணக் கோட்டு, கடைசியில் அவருடைய செல்போன்கூட படுக்கையறை இரும்பு பீரோவுக்குள் போனது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற பீரோவின் முதுகில் ஓட்டை வேறு போட்டார். சாவி எப்போதும் இடுப்பில்.

எங்கள் சேலையூர் வீட்டு மாடியில் என் தம்பி ஷாகுல் குடியிருக்கிறான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. எச்.டி.யில் எடுத்த கல்யாண வீடியோ அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. கீழே ஹாலில் புது டி.வி. நடுவில் வயர் இழுக்கப் புது டைல்ஸ் சுவரைத் துளைக்க இவர் விடவில்லை. அதனால் ஷாகுல் ஒரு ரவுட்டரை வாங்கி ஹால் அலமாரி மேல் வைத்தான். சம்பந்தி வீட்டாரோடு சேர்ந்து பார்க்கலாம் என்று கல்யாண வீடியோவை வைத்துவிட்டு, முதலில் ஒரு சினிமாவைப் போட்டான்; வயர் இல்லாமலே படம் மாடியிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் மாதிரி ஓடியது. அவன் வேலைக்குப் போனதும் இவர் என்ன செய்தார்? ரவுட்டரைத் தூக்கிப் பீரோவுக்குள் வைத்து, சார்ஜ் ஓட்டை வழியாக அதன் வயரை விட்டுப் பூட்டிவிட்டார்.

"விலை ஒசந்த சாமான். வர்றவன் போறவன் கண்ணுல படணுமா?" என்றார். உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. அவருக்கு அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகரிலிருந்து மாப்பிள்ளை மொஹ்சினும் அவனுடைய அப்பாவின் அண்ணன், பெரியத்தா ஜபருல்லா பாயும் வந்திருந்தார்கள். ஷாயிஸ்தாவும் வந்திருந்தாள். தகப்பனில்லாத மொஹ்சினை, கார் பார்ட்ஸ் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டி வளர்த்து ஆளாக்கியவர் ஜபருல்லா பாய். அதிர்ந்து பேசாத மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

படம் ஆரம்பித்தது. இரண்டு அடி நடந்தது, நின்றது. மறுபடி நடந்தது, நின்றது.

"இன்னா மாமா, படம் நொண்டிகினு வருது?" என்று மொஹ்சின் சிரித்தான்.

மாடியிலிருந்து ஷாகுல் கத்தினான். "மச்சான், ரவுட்டர் எங்க?"

"பத்திரமா கீது! நீ படத்தைப் போடு!"

மண்டப வாசல் வந்தது. நகைத் தட்டு வந்தது. அதோடு படம் நின்றே போனது.

டி.வி. முழுக்க ஜபருல்லா பாய். ஒரு கையில் எங்கள் சங்கிலி தொங்குகிறது. இன்னொரு கை ஜுப்பா பைக்குள் பாதி நுழைந்திருக்கிறது. எச்.டி. என்றால் எச்.டி.தான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது.

"அடப்பாவி" என்று இவர் எழுந்தார்.

"அதுவா சம்பந்தி? அது கீழ விழுந்துச்சு, நா..."

சொல்லி முடிக்க விடவில்லை. கன்னத்தில் விழுந்த அறையில் ஜபருல்லா பாயின் கண்ணாடி பறந்து போய்ச் சுவரில் மோதியது. மொஹ்சின் பாய்ந்து இவர் மூக்கில் குத்தினான். ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. இவர் அவனை மார்பில் உதைத்துத் தள்ளினார். பிரியாணித் தட்டுகள் மேலேயே விழுந்தான். நான் இவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். முழங்கை என் வாயில் இடித்தது, உதடு கிழிந்தது. "அத்தா, வேணாம் அத்தா!" என்று ஷாயிஸ்தா அலறினாள். ஜபருல்லா பாய் தரையில் கைகளால் துழாவிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கைதானே எடுத்துச்சு?"

இவர் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அந்தக் கை மேல் இறக்கினார். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. நடுவிரலும் மோதிர விரலும் மேல் பக்கமாக மடங்கிக் கிடந்தன. அந்த மனிதர் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. லேத் பிடிக்கிற கை.

"திருட்டுக் குடும்பத்துல என் பொண்ணு இருக்க மாட்டா! போலீசைக் கூப்புடறேன்!" போன் பீரோவுக்குள். மூக்கைத் துடைத்தபடி படுக்கையறைக்குள் ஓடி, சாவியைத் திருகி, கதவை மடாரென்று திறந்தார்.

டி.வி.யில் படம் ஓட ஆரம்பித்தது.

பீரோக் கதவு திறந்ததும், இரும்புக்குள் மூச்சு முட்டிக் கிடந்த ரவுட்டர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. படத்தில் ஜபருல்லா பாய் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். சங்கிலியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பக்கத்தில் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி, சங்கிலியை நீட்டினார். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினார். கோட்டின் உள்பைக்குள் செருகிக்கொண்டு, போனில் சமையல்காரரைத் திட்டிக்கொண்டே போனார்.

அறை வாசலில் நின்று இவரும் பார்த்தார். பிறகு பீரோப் பக்கம் திரும்பினார். ரவுட்டருக்கு மேலே அந்தக் கோட்டு தொங்கியது. உள்பைக்குள் கையை விட்டார். சங்கிலி வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. சிரிக்க முடியவில்லை, காறித் துப்பத் தோன்றியது.

ஷாயிஸ்தா தன் துப்பட்டாவைக் கிழித்துப் பெரியத்தாவின் கையில் சுற்றினாள். மொஹ்சின் அவரைத் தூக்கி நிறுத்தினான். இவர் வந்து, சங்கிலியை மகளின் கழுத்தில் போடப் போனார்.

அவள் ஒதுங்கிக்கொண்டாள். கழுத்தில் மாப்பிள்ளை வீட்டார் தாலியாகக் கட்டிய கருகமணி மட்டும் இருந்தது.

"அதையும் பீரோவுல வச்சுப் பூட்டிக்கங்க அத்தா. இனிமே நா இங்க வர மாட்டேன்."

"பரிதா, நீயாவது சொல்லு" என்று என்னைப் பார்த்தார். உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. சுவரோரம் கிடந்த கண்ணாடியை எடுத்து ஜபருல்லா பாயின் ஜுப்பா பையில் வைத்தேன்.

ஆட்டோ தெரு திரும்பும் சத்தம் கேட்டது. பீரோ திறந்தே கிடந்தது. படம் இப்போது எங்கேயும் நிற்கவில்லை. ஷாயிஸ்தா அவள் அத்தாவைக் கட்டிக்கொண்டு, போக மாட்டேன் என்று அழும் இடம் ஓடிக்கொண்டிருந்தது.