கறுப்புத் தூள்

ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இடது முன் டயரில் பொட்டுக் காற்று இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் சேரப்பணஞ்சேரித் தெரு முழுக்கச் சேறு. டயரிலும் அதே சேறு பாதி காய்ந்து அப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். நடுப்பள்ளத்தில் ஓர் ஆணியின் தலை பளபளத்தது. நிம்மதியாகக்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓரத்தில் ஏறியிருந்தால் வம்பு. நடுவில் ஏறின ஆணிக்கு ரப்பர் திரி சொருகினால் ஐந்து நிமிட வேலை.

வீட்டைப் பூட்டிவிட்டு வந்த என் மனைவி செல்வமேரி படியிலேயே நின்றுவிட்டாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை.

"அத மாத்திடலாங்க" என்றாள்.

"எத?"

"டயர."

"ஒரு ஆணிக்குப் போயி டயர மாத்துவாங்களா? நான் இன்னா வேலை செய்றேன்னு மறந்துட்டியா மேரி?"

அவள் ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டயர் கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன், பதினான்கு வருஷமாக. டயரை மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, உள்ளே விளக்கடித்து, உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும். ஷிப்டுக்கு நானூறு டயர். கண்ணுக்கு முன்னால் கை கண்டுபிடித்துவிடும். சந்தேகம் வந்தால் மஞ்சள் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. டயர் தனியே ஒதுங்கிவிடும். தேறாததை மெஷின் கத்தியில் கொடுத்து அறுத்துவிடுவார்கள், யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று. "கிறிஸ்துதாஸ் கை பட்டு வெளிய போற டயருக்கு வேற செக்கிங்கே வேணாம்" என்று எங்கள் சூப்பர்வைசர் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னார். அதை வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று மேரியைத்தான் கேட்க வேண்டும்.

மேரி ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். போன ஜூனில் அவர்கள் கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு மாசம் டிரைவிங் கிளாஸ் போனாள். லைசென்ஸ் வாங்கினாள். நான்தான் கம்பெனி பஸ்ஸில் போகிறவனாயிற்றே, கார் சும்மாதான் நிற்கிறது, எடுத்துக்கொள் என்றேன். ஏதோ என் தயவில் அவள் ஓட்டுகிறாள் என்றுதான் அப்போது நினைப்பு. செப்டம்பரில் எங்கள் கேட்டிலேயே இடித்து பம்பரில் கீறல் விழுந்தது. சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து நாள் தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஆறாம் நாள் நானே மேஜையில் வைத்தேன். பெரிய மனசு எனக்கு என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கால் பம்பை எடுத்து மிதித்தேன். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது. ஓடுகிற அளவுக்குக் காற்று ஏறியதும் மெயின் ரோட்டில் சுடலையின் பஞ்சர் கடைக்கு மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் மேரி ஜன்னலில் எட்டிக் கீழே டயரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முந்தின நாள் சனிக்கிழமை அவள் வேலையிலிருந்து வரும்போது என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும் என்றுதான் எண்ணம். அன்று எனக்கு மத்தியானம் ரெண்டு மணி ஷிப்ட். கம்பெனிக்குள் போன் ஆகாது, கேட் பக்கத்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். கடைசியாக ஒரு மெசேஜ்: ஒண்ணும் இல்ல, வந்துட்டேன். ஒன்றும் இல்லாததற்குப் பதினொரு முறை அடிப்பார்களா என்று எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, காத்துக் கம்மியா இருந்துச்சு, பெட்ரோல் பங்க்ல அடிச்சிட்டேன் என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன்.

சுடலைக்குத் திருநெல்வேலிப் பக்கம். இந்த ரோட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது, பேச்சு மட்டும் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. ஆணியைப் பார்த்தார், டயரைத் தட்டினார், தலையைச் சொறிந்தார்.

"கழத்தி உள்ள ஒரு பார்வை பாத்துருவோம் அண்ணாச்சி."

"இன்னாத்துக்கு? நடுவுலதான ஏறிக்கீது. அப்படியே ஆணியப் புடுங்கித் திரிய சொருகு. பூசைக்கு டைமாகுது."

"காத்து சுத்தமா எறங்கிக் கெடந்த டயராக்கும். உள்ள பாக்காம சொல்லக் கூடாது பாத்துக்கிடுங்க."

"யோவ், நான் ஒரு நாளைக்கு நானூறு டயருக்குள்ள கைய வுடறவன். எனக்கே நீ சொல்றியா?"

கோயிலில் முதல் மணி அடித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தாண்டும்போது கடைத் தகரம் அதிர்ந்தது. என் ஷூவில் சேறு. எல்லாவற்றின் மேலும் கோபமாக வந்தது.

"மாத்திடலாங்க" என்றாள் மேரி மறுபடி. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ.

"காரணத்தச் சொல்லு, மாத்தறேன். ஒண்ணரை வருஷங்கூட ஆகல இது போட்டு. சும்மா மாத்து மாத்துன்னா?"

அவள் என்னைப் பார்க்காமல் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுடலையிடம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க கழட்டுங்க."

சுடலை என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஜாக்கியை எடுத்துக் காருக்கு அடியில் தள்ளினார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். நாலு போல்ட் கழல்வதும், டயரை ரிம்மிலிருந்து பிரிப்பதும் எத்தனை நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது முடிகிறதாகவே இல்லை.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

சுடலை டயரைத் தூக்கிச் சரித்தார். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. காபிப்பொடி மாதிரி நைஸாக, ஒரு கைப்பிடிக்கு மேல். நான் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் உள்ளே கையை விட்டேன். பக்கச் சுவர் முழுக்க வட்டமாகச் சிராய்த்திருந்தது. ஓரிடத்தில் ரப்பர் உரிந்து, உள் நூல் விரலில் தட்டுப்பட்டது. சேற்றைத் துடைத்திருந்தால் வெளியிலேயே தெரிந்திருக்கும். நான் துடைக்கவில்லை. காற்றில்லாமல் ஓட்டினால்தான் இப்படி ஆகும். இதற்குத் திரியும் கிடையாது, ஒட்டும் கிடையாது. வெளியே ஆணியை அடைத்துக் காற்றடித்தால் நன்றாகத்தான் நிற்கும்; எழுபதில் போகும்போது ஒரு நாள் பக்கவாட்டில் வெடிக்கும்.

"எவ்ளோ தூரம் ஓட்டின?" என்றேன்.

"மேம்பாலம் தாண்டினதுலருந்து பங்க் வரிக்கும்."

"நாலு கிலோமீட்டர்! காத்தே இல்லாமயா? நிறுத்தமாட்டியா? ஸ்டெப்னி எப்படி மாட்டணும்னு நான் எத்தன வாட்டி சொல்லிருக்கேன்!"

"நிறுத்துனேங்க" என்றாள். குரல் உயரவில்லை. "மழையில எறங்கி ஜாக்கிய எடுத்தேன். ஸ்டெப்னியத் தூக்கிக் கீழ வெச்சேன். கைய வெச்சா அமுங்குது. அதுல காத்தே இல்ல."

"சும்மா சொல்லாத."

போய் டிக்கியைத் திறந்தேன். கம்பெனியில் கொடுத்த காலண்டர் இரண்டு, குடை, பழைய போர்வை. அவற்றைத் தள்ளிவிட்டு அடி விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னி கிடந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சப்பாத்தி மாவு போல உள்ளே போனது. இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருஷம். ஒரு நாளைக்கு நானூறு டயர் பார்க்கிறவன், வீட்டு டிக்கியில் கிடக்கிற ஐந்தாவது டயரை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அதன் பக்கத்தில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு முந்தினது. எங்கள் லைனில் வந்திருந்தால் கைகூட வைக்காமல் பெருக்கல் குறி போட்டிருப்பேன்.

நான் விரலை எடுக்காமல் அப்படியே நின்றேன். அவள் பின்னால் வந்து நின்று சொல்லிக்கொண்டே போனாள், நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வது போல.

"உங்களுக்குப் போன் பண்ணேன். லாக்கர்ல கெடக்கும்னு தெரியும். தெரிஞ்சும் அடிச்சிக்கினே இருந்தேன். ரெண்டு பேர் பைக்ல போனாங்க. திரும்பி வந்தாங்க. இன்னாக்கா பிரச்சனைன்னாங்க. ஒருத்தன் செல்போன் லைட்ட என் மூஞ்சில அடிச்சிக்கினே இருந்தான். இன்னொருத்தன் டிரைவர் கதவாண்ட போயி நின்னுக்கினான். சர்வீஸ் ரோடு பூரா லாரி நிக்குது, ஆளுங்க எவனும் கண்ணுல படல. நல்லவங்களாக்கூட இருந்திருக்கலாம். அத நின்னு பாத்துக்கினு இருக்க முடியல என்னால. அண்ணன் வந்துக்கினே இருக்காருன்னு போன காதுல வெச்சிப் பேசற மாதிரி பேசினேன். அந்த ஆளு நகர்ந்தான். ஸ்டெப்னியத் தூக்கிப் போட்டு, ஏறி, எடுத்துட்டேன். ரிம் ரோட்டுல தேயற சத்தம் கேட்டுச்சு. கேட்டா கேக்கட்டும்னு ஓட்டினேன்."

பதினொன்றில் எத்தனை அழைப்புகள் அந்த ஆட்களுக்குக் காட்ட அடித்தவை, எத்தனை நிஜமாக என்னைத் தேடி அடித்தவை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

"ராத்திரியே சொல்லிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? சாவிய எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்குவீங்க."

சுடலை கடைக்குள் எதையோ தேடப் போனவர் வெகு நேரம் தேடிக்கொண்டிருந்தார்.

காற்றில்லாமல் ஓட்டின டயருக்குள் என்ன இருக்கும் என்பதை ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் நானேதான் அவளிடம் விளக்கியிருந்தேன், அந்தக் கறுப்புத் தூள் உட்பட. திறந்தால் கொட்டும் என்று அவளுக்குத் தெரியும். கொட்டினால் எனக்குப் புரியும் என்பதும் தெரியும்.

"அப்ப ஏன் கழட்டச் சொன்ன?"

"நாளைக்கு அதுல நான்தான போவணும்" என்றாள்.

இரண்டாவது மணி அடித்தது. நாங்கள் இருவரும் கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆணி நடுவில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னவன் நான். இன்னும் ஐந்து நிமிடம் என் பேச்சு எடுபட்டிருந்தால், திங்கட்கிழமை காலையில் வாசலில் நின்று கையாட்டி இவளை அந்த டயரின் மேல் அனுப்பி வைத்திருப்பேன்.

சுடலை ஒருவழியாக வெளியே வந்தார். "படப்பைல டயர் கட பத்து மணிக்குத் தெறப்பாவ. போன் பண்ணி இந்த சைஸுல ரெண்டு கொண்டாரச் சொல்லுதேன். ஸ்டெப்னிக்கும் ஒண்ணு வேணும்லா?" என்றவர், கழற்றிய டயரைக் காலால் நகர்த்தினார். "இத இங்க போட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. பழசு கேட்டு ஆள் வருவாவ."

"வேணாம். கத்தி இருந்தாக் குடு."

அவருக்குப் புரிந்தது. தகரத்தில் சொருகியிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார். தரையில் மண்டியிட்டு, பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தேன். கம்பெனியில் மெஷின் செய்கிற வேலை. கையால் அறுப்பது அவ்வளவு சுலபமில்லை. மூச்சு வாங்கியது. நெஞ்சில் எப்போது கை வைத்தேனோ தெரியவில்லை, வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியையும் இழுத்துப் போட்டு அறுத்தேன். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

எழுந்தபோது பாக்கெட்டில் கார் சாவி குத்தியது. எடுத்தேன். மேரி கையை நீட்டவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல், "பத்து மணி ஆவும்" என்றேன். சாவி முழுக்கத் தூள் ஒட்டியிருந்தது. சட்டைக் கீழ்நுனியில் துடைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் காரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள்.

கார் மூன்று சக்கரத்திலும் ஒரு ஜாக்கியிலும் நின்றது. அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஆடாமப் பாத்துக்கிடுங்க யக்கா" என்றார் சுடலை. சரி என்று தலையாட்டிவிட்டு, நான் ஓட்டிவந்ததில் பின்னால் தள்ளியிருந்த சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்தாள். என் உயரத்துக்குத் திருப்பி வைத்திருந்த கண்ணாடியைத் தொட்டாள். காருக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அதில் ஒரு நொடி அவள் கண்கள் தெரிந்தன. அவளுக்கு என் சட்டையில் பதிந்த கறுப்புக் கைத்தடம் தெரிந்திருக்கும். பிறகு ரோடு தெரிகிற மாதிரி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். பின்னால் ரோட்டில் ஒரு டிரெய்லர் விளக்குப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது.