நாலு மணிக்கு எதிரே ஒன்றுமில்லை

அவளுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். காப்பீட்டு அலுவலகத்தில் மூன்றாவது மாடி, ஜன்னலோர மேசை. நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, இது நேற்று இடித்ததா, போன வருஷமே இடித்ததா என்று சொல்ல வேண்டும். தடுமாறிப் பதில் சொல்கிறவர்களை அவள் விட்டுவிடுவாள். நிஜமாகவே இடிபட்டவனுக்கு எதுவும் ஒழுங்காக ஞாபகம் இருக்காது. கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருப்பவனைக் கண்டால்தான் அவளுக்கு மூக்கு வியர்க்கும்.

இப்போது அப்படி ஒருத்தன் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். தாலி கட்டிப் பத்து வருஷமான கணவன்.

பத்து வருஷம் முடிகிறதே, எங்கேயாவது போகலாம் என்று ஆரம்பித்தவள் அவள்தான். மலைமேல் இருக்கும் அந்த ஏரி ஊரைச் சொன்னதும் அவள்தான். ஒரு காபிக்குச் சொத்தை எழுதி வாங்குகிற ஊர் அது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அவள் கணவன் இந்தச் செலவுக்கு முடியாது என்பான், அப்புறம் ஒரு கடற்கரைக்காவது சம்மதிக்க வைக்கலாம் என்பது அவள் கணக்கு. அவனோ, "போலாம். நம்ம கார்லயே போலாம், செலவைப் பத்தி நீ கவலைப்படாத" என்று சொல்லி, ஒரு தாளில் இரண்டு நாளையும் மணிவாரியாக எழுத உட்கார்ந்துவிட்டான்.

"செவ்வாய்க்கிழமை கிளம்புவோம். சனி ஞாயிறுன்னா ரூம் வாடகை மூணு மடங்கு. பெட்ரோலை அடிவாரத்துலயே போட்டுக்கணும். ஏரிக்கரையில தங்க வேண்டாம், மேல சலவைக்கடை மாடியில ரூம் விடுவாங்க. ஜன்னலைத் திறந்தா அதே ஏரிதான்."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"நானா? இல்லையே. நெட்ல பார்த்தேன்."

"காரை எங்க நிறுத்துறது? அதுக்கே கொள்ளையடிப்பாங்கன்னு சொல்றாங்க."

"பெரிய ஹோட்டலுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு. ரெண்டு மணிக்குப் போனா காலியாகும்."

அதென்ன ரெண்டு மணி என்று அவள் கேட்கவில்லை. பொய் சொல்கிறவனைப் பேசவிட வேண்டும் என்பது அலுவலகப் பழக்கம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நெட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். சலவைக்கடை மாடியும் இல்லை, சந்தும் இல்லை, ரெண்டு மணியும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால், ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. பல் தேய்ப்பதைத் தவிர எல்லாம் எழுதியிருந்தான். இரண்டாம் நாள் நாலு மணிக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. சின்னதாக ஒரு டிக் அடித்து வைத்திருந்தான்.

"நாலு மணிக்கு என்ன?"

"அதுவா... சும்மாதான். கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமேன்னு."

ஒரு மணி நேரத்தைச் சும்மா விடுகிற ஆளா அவன்? அவளுக்கு மண்டை குடைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் சித்தப்பா வீட்டில் தங்கிப் பரீட்சைக்குப் படித்ததாகச் சொல்வான். அந்தச் சித்தப்பாவோ கல்யாணப் பந்தியில், "இவனைப் பார்த்தே அஞ்சாறு வருஷம் இருக்குமே" என்று சொன்னவர். அப்போது சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். இப்போது அந்த இரண்டு வருஷம் அந்த ஏரிக்கரையில்தான் கழிந்திருக்கிறது என்று தோன்றியது. தனியாகக் கழிந்திருக்காது என்றும் தோன்றியது.

தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். "அக்கா, மாமாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் எங்க இருக்கு? அவருக்கு உன்னைச் சமாளிக்கவே நேரம் பத்தல."

தங்கை சொன்னது காதில் ஏறவில்லை. வேறொருத்தி இருந்தது உண்மையென்றால், அதைப் பத்து வருஷம் மறைத்தவனோடு ஒரே காரில் இறங்கி வருவதில்லை என்று முடிவு செய்தாள். மலையிலிருந்து இறங்கும் பஸ் நேரங்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாழாய்ப்போன ஊரில் எல்லாம் அவன் சொன்னபடியே இருந்தது. ரெண்டு மணிக்குச் சந்து காலியாயிற்று. சலவைக்கடை மாடியில் ரூம் இருந்தது, ஜன்னலில் ஏரியும் இருந்தது. கீழே ரொட்டிக் கடைக்காரம்மா சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தாள். "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே."

"எல்லாருக்கும் இருக்கிற மூஞ்சிதாங்க" என்று சொல்லிவிட்டு அவன் படியேறிவிட்டான்.

ரூமுக்குள் வந்ததும், முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்து நின்றாள். எப்படியும் போனை எடுப்பான், அந்த இன்னொருத்தியைக் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள்.

அவன் போனைத் தொடவில்லை. கட்டிலைப் பார்த்தான். விரிப்பு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவினான். ஒரே உதறலில் அது கட்டில் முழுக்கப் பரவி இறங்கியது. மெத்தையை முழங்காலால் தாங்கிக்கொண்டு மூலையை மடித்துச் செருகினான், சுற்றி வந்து அடுத்த மூலையைச் செருகினான். தலையணையைத் தட்டி நிறுத்தினான், துண்டுகளைச் சுருட்டிக் கால்மாட்டில் அடுக்கினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்து வருஷத்தில் வீட்டில் ஒருநாள்கூட அவன் விரிப்பைத் தொட்டதில்லை. எழுந்தால் அப்படியே போட்டுவிட்டுப் போவான். அதற்காக அவள் போடாத சண்டை இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் கையில் மிச்சமிருந்த துண்டோடு திருதிருவென்று விழித்தான்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். ஏரிக்கரையில் அந்தப் பெரிய ஹோட்டல். "ரெண்டு வருஷம். பரீட்சையில தேறல. வீட்டுக்குப் போக மூஞ்சி இல்ல. ஒரு நாளைக்குப் பதினாறு ரூம்."

"ரெண்டு மணிக்கு..."

"ஷிப்ட் மாறும். வேலைக்காரங்க வண்டியெல்லாம் கிளம்பிரும்."

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே கோபம் ஏறியது. "இதையா மறைச்சீங்க? இதுல மறைக்க என்னங்க இருக்கு?"

அவன் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "கல்யாணம் பேச வந்தப்போ உங்கப்பா சொன்னாரு. போன வாரம் ஒருத்தன் வந்தான், ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்துறவனாம், அவனுக்கும் பொண்ணு கேக்குதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க." துண்டைக் கால்மாட்டில் வைத்தான். "நீயும் சிரிச்ச."

அவளுக்கு ஞாபகமில்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய விபத்தின் வண்டி எண்ணைத் தூக்கத்தில்கூடச் சொல்கிறவளுக்கு இது ஞாபகமில்லை. ஆனால் சிரித்திருப்பாள். அப்பா எது சொன்னாலும் அந்த வீட்டில் சிரிப்பார்கள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"அதான் வீட்ல பெட்ஷீட்டைத் தொடறதில்ல" என்றான். "தொட்டா நீ கண்டுபிடிச்சிருவ."

அவள் கைப்பையைத் திறந்து பஸ் நேரங்கள் எழுதிய சீட்டை எடுத்து நீட்டினாள். அவன் படித்தான். படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான், தான் இழுத்துப்போட்ட விரிப்பு கசங்குவதைப் பார்க்காமல்.

"அந்த நாலு மணி என்னதுங்க?" என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"அங்க முன்பக்க வராந்தாவுல டீ குடுப்பாங்க. நாங்க பின்வாசல் வழியாத்தான் போய் வரணும். அந்தப் பக்கம் நான் கால் வெச்சதே இல்ல. உன்னோட ஒரு தடவை உட்காரணும்னு இருந்துச்சு. எழுதினா ஏன்னு கேப்பியேன்னு விட்டுட்டேன்."

மறுநாள் நாலு மணிக்குப் போனார்கள். அவன் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்திருந்தாள். ஹோட்டல் படிக்கட்டை நெருங்கும்போது அவன் கால் தானாகப் பின்வாசல் பக்கம் திரும்பியது. அவள் அவன் முழங்கையைப் பிடித்து நேராக நடத்தினாள். வாசலில் நின்ற காவலாள் கதவை அகலத் திறந்து பிடித்து, "வாங்க சார்" என்றான்.

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கணவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"உங்களைத்தாங்க" என்றாள் அவள்.