குழாய்க்குள் போன பிரான்சு

இலவச டிவி வந்த வருடம். எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவே சீரியல் பார்த்து அழுதுகொண்டிருக்க, அடுத்த வீட்டு முனியராஜ் மட்டும் பெண்டாட்டிக்குப் பிரான்சு தேசத்துப் புரட்சியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று, காது என்னுடையது.

வெடிக்குக் குழாய் உருட்டச் சிவகாசியிலிருந்து பழைய காகிதம் மூட்டையாக வரும். அதில் அட்டை போன அந்த வரலாற்றுப் புத்தகமும் வந்திருந்தது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்ததும் அவன் படிப்பான். எழுத்தறியாத மாரித்தாய் குழாய் உருட்டியபடியே கேட்பாள். படித்து முடித்த தாளைக் கிழித்து அவளிடமே கொடுப்பான், அதுவும் குழாயாகிவிடும். மிச்சப் புத்தகம் அலமாரியில் ஏறும்.

“ஏலே முனியா, பிரான்சு ராசாவ நம்ம ஊரு வெடியாக்கிட்டியே!” என்று கேலி செய்திருக்கிறேன்.

அன்றைக்கு, ரொட்டி கிடைக்காத பெண்கள் மழையில் நனைந்துகொண்டு ராஜாவின் அரண்மனைக்கு நடக்கிற இடம்.

“போயிச் சேந்தாளுகளா?” என்றாள் மாரித்தாய்.

“நாளைக்குப் பாப்போம்.”

“ஒரு பக்கந்தான, படிங்க.”

“ராசா எங்க ஓடிறப் போறான்? பசிக்குது, சோத்தப் போடு பிள்ளே.”

மறுநாள் மத்தியானம் கம்பெனியில் மருந்து வெடித்தது. மாரித்தாயோடு தெருப் பெண்கள் எல்லோரும் ஓடினோம். கேட்டைத் திறக்கவில்லை. மழை பிடித்தது, நின்றோம். இருட்டியதும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் முனியராஜைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்கக் கூடாதென்றார்கள்.

துக்கத்துக்கு வந்து தங்கிய அவன் அக்கா அய்யம்மாளுக்குச் சும்மா இருக்கிற கை கிடையாது. சீசன் ஆர்டர் நிற்கிறதே என்று, அலமாரியில் இருந்த மிச்சப் புத்தகத்தையும் கிழித்து உருட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டில் காகிதம் எதற்கு இருக்கும்?

சீனி கேட்கிற சாக்கில் நான் எட்டிப் பார்த்தபோது, அண்டாத் தண்ணீரில் குழாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. பசை இளகியதை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாரித்தாய் தரையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு? லோடு ஏத்த வண்டி வந்தா என்னத்தக் குடுப்ப?” என்றேன்.

“வரட்டும். நீங்க எட்டாப்பு படிச்சவுகளாச்சே அக்கா. அவளுக போயிச் சேந்தாளுகளான்னு பாருங்க.”

தெருவுக்குச் சொல்ல நல்ல சேதி கிடைத்தது என்றுதான் குனிந்தேன். பாதித் தாள் கந்தலாகியிருந்தது. தேடித் தேடி ஒன்றில் கிடைத்தது.

“சேந்துட்டாளுகத்தா. ராசாவையும் அவன் பெண்டாட்டியையும் வண்டியில ஏத்தி, கையோட ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டாளுகளாம்.”

“உயிரோடயா?”

“ஆமா. உயிரோடதான்.”

மாரித்தாய் அந்த ஈரத்தாளை விரலால் நீவினாள்.

“நாமளும் மழையிலதானக்கா போனோம்.”

சீனிக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, அண்டாவுக்குள் கையை விட்டேன்.