செங்கமலம் வளர்த்த சேவல்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீரமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வண்டிக்கார அடைக்கலம் என்று கேட்டால், "அந்த முன்கோபியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மாடு பயப்படுகிறது, சந்தையில் தரகன் பயப்படுகிறான், எவனும் நம்மிடம் வாலாட்ட மாட்டான் என்று மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தேன். அட மடையா!

என் மனைவி செங்கமலம் எனக்கு நேர்மாறு. அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டாள். சுதந்திரம் வந்த ஒன்பதாம் வருஷம், மாசி மாதம், எங்கள் ஒரே பெண் மணல்வாரி அம்மை கண்டு செத்துப்போனாள். ஒன்றரை வயது. அதற்குப் பிறகு அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் எடுத்து வருவாள், ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான். மூன்று மாதம் அந்த வீட்டில் என் குரல் மட்டுமே கேட்டது.

வைகாசியில் எங்கள் தாய்க்கோழியைக் கீரி பிடித்துப்போனது. தாயில்லாத குஞ்சுகளைப் பருந்தும் காக்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. செங்கமலம் அதை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நொய்யரிசியை உள்ளங்கையில் வைத்து ஊட்டினாள். இரவில் பழந்துணி போட்ட சட்டிக்குள் அதை விட்டுத் தன் தலைமாட்டிலேயே வைத்துப் படுத்தாள். ஒரு நாள் நான் சந்தையிலிருந்து திரும்பி வந்தால் உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறது. யாரடா வந்திருப்பது என்று எட்டிப் பார்த்தேன்.

"ஏன்டா தொரை, வயிறு ரொம்பலையா? ஆத்தா இன்னுங் கொஞ்சம் தரட்டா?"

குஞ்சிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன். அந்தக் குஞ்சுக்கு அன்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்த தை மாதத்துக்குள் துரை பெரிய சேவலாகிவிட்டான். சிவப்பும் கறுப்புமாக நல்ல வாட்டசாட்டம். செங்கமலத்தின் காலடியை விட்டு நகரமாட்டான். வேறு யார் கொல்லைக்குள் கால் வைத்தாலும் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்வான். பக்கத்து வீட்டுச் சொர்ணம் அக்கா நெருப்பு வாங்க வந்தவர் கெண்டைக்காலில் ரத்தத்தோடு ஓடினார். தபால்காரர் தெருமுனையில் நின்றே குரல் கொடுக்க ஆரம்பித்தார். கொல்லையில் இருந்த மூன்று பெட்டைகளுக்கும் முதுகில் ஒரு இறகு பாக்கி இல்லை. அவ்வளவு மிதி.

என்னைக் கண்டால்தான் அவனுக்கு அளவு மிஞ்சிய ஆத்திரம். நான் சும்மா இருப்பேனா? மாடு விரட்டும் தார்க்குச்சியால் ஒரு போடு போடுவேன். வேலிவரை உருண்டு போவான். மறுநாள் காலையில் முன்பைவிட வேகமாக வருவான். "பாத்தியா திமிரை!" என்று நானும் முன்பைவிட ஓங்கி அடிப்பேன். ஒரு சேவலுக்கும் எனக்கும் இப்படியே மூன்று மாதம் சண்டை நடந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பங்குனியில் செங்கமலம் முழுகாமல் இருப்பது தெரிந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மொத புள்ளைக்கே ஒடம்பு ரொம்ப ஆட்டம் கண்டுபோச்சு. விழாம கொள்ளாம பாத்துக்கங்க. இதாவது தங்கட்டும்" என்றார். இதாவது தங்கட்டும் என்பதுதான் அன்றிலிருந்து எனக்கு எல்லாச் சாமியிடமும் ஒரே வேண்டுதல். தண்ணீர்க் குடத்தை நானே தூக்கினேன். ஊரார் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சிரிப்பை மட்டும் விட்டேனே தவிர, இன்னொன்றை விட முடியவில்லை. அதைச் சொல்கிறேன்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இப்படி ஒரு சேவலா என்று சொர்ணம் அக்காதான் இருளாண்டியை அழைத்து வந்தார். இருளாண்டி சண்டைச்சேவல் வளர்ப்பவர். கோழி விஷயத்தில் அவர் சொன்னால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கேட்கும். துரை என்மேல் பாய்வதையும் நான் குச்சியை ஓங்குவதையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏப்பா அடைக்கலம், அது ஒன்னைய மனுசன்னு நெனைக்கலைப்பா. ஆளு கையில வளந்த சேவ எல்லாமே இப்புடித்தான். ஒன்னையும் ஒரு சேவன்னு நெனைச்சுக்கிட்டு மல்லுக்கு நிக்குது. நீ அடிச்சியன்னா, சண்டைக்கு வாடான்னு நீயே கூப்புட்ட மாதிரி."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்றேன்.

"குச்சியைத் தூக்கி அங்கிட்டுப் போடு. பாயிறப்ப பின்னால போவாத. மெல்லப் புடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்க. பொட்டைக்கோழிக பாக்குற மாதிரி கொல்லையச் சுத்தி வா. தலையைத் தூக்குனா கையால பதமா அமுக்கு. அடங்கிப் போனதும் எறக்கி விடு. பத்து நாளைக்குச் செஞ்சு பாரு. கால் முள்ளு நுனியைக் கிள்ளிவிட்டு மஞ்சளை வையி. பொட்டைக்கோழி இன்னும் நாலு வாங்கி விடு. வேற ஒன்னும் வேணாம்."

செங்கமலம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செய்யிறேன்" என்றேன். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் செய்தேன். சத்தியமாகச் செய்தேன். இரண்டாம் நாளே துரை கக்கத்தில் கொஞ்சம் அடங்கினான். மூன்றாம் நாள் அவனை இடுக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தபோது, சொர்ணம் அக்கா வேலி மேலாக எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, புள்ள தூக்க இப்பவே பழகுறியளா?" என்று சிரித்தார். தெருவில் போன நாலு பேரும் நின்று சிரித்தார்கள். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. ஆறடி ஆம்பிளை, சேவலைச் சுமந்துகொண்டு ஊருக்கு வேடிக்கை காட்டுகிறேனே என்று கோபம் வந்தது. துரையைத் தூக்கித் தரையில் வீசினேன். மறுபடி தார்க்குச்சியை எடுத்துக்கொண்டேன். செங்கமலம் அன்று சாப்பிடவில்லை.

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளி. அவளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. விடியற்காலையில் நான் குனிந்து வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்தபோது, துரை பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலில் முள்ளை இறக்கினான். ரத்தம் கொட்டியது. "ஒன்னைய இன்னைக்கி விட்டேன்னா நான் ஆம்பளை இல்லடா!" என்று வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த ஊனுகம்பை உருவிக்கொண்டு விரட்டினேன். அவன் கொல்லைக்குள் ஓடினான். சத்தம் கேட்டுச் செங்கமலம் அடுப்படியிலிருந்து வந்தாள். வந்தவள் அவனை வாரி எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் கட்டி வைக்கிறேன், அடிக்காதீங்க."

"வெலகுடி!"

"மாட்டேங்க."

அவள் என்னிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். விலக்கினேன் என்று சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்ட நாட்களும் உண்டு. இல்லை, தள்ளினேன். பின்பக்கம் ஆட்டுக்கல் இருந்தது. கையை ஊன்றியிருந்தால் தப்பித்திருப்பாள். ஊன்றவில்லை. விழும்போதும் சேவல் நசுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் அவன்மேலேயே வைத்திருந்தாள்.

சொர்ணம் அக்கா ஓடி வந்தார். "ஐயோ, என்னாச்சு? என்னாச்சுப்பா?"

துரை ஆட்டுக்கல் பக்கத்தில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டிருந்தான். என் வாயிலிருந்து வந்த வார்த்தை: "சேவ குறுக்க பாஞ்சுருச்சுக்கா. தடுக்கி விழுந்துட்டா."

கீழே கிடந்த செங்கமலம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. உயிர் இல்லை. அவள் பிழைத்ததே பெரிது என்று மருத்துவச்சி சொன்னார். துணியில் சுற்றிக் கொடுத்ததை நான் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு கைக்குக்கூடக் கனக்கவில்லை. குழியை நானே தோண்டினேன்.

திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். "இன்னுமா அந்தச் சனியனை வச்சிருக்க?" என்றார்கள். இருளாண்டி மட்டும் தள்ளி நின்று, "அவமேல பாயாத சேவயாச்சேப்பா அது. அவகிட்ட குஞ்சு மாதிரில்ல நிக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் கண்ணால பாத்தேன், நீங்க பாத்தீங்களா?" என்று அவர்மேல் சீறினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். துரை கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு வந்தான். என் கையில் குச்சி இல்லை. பிடித்துக் கக்கத்தில் இடுக்கினேன். ஒரு உதறல் உதறினான். பிறகு அடங்கிவிட்டான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் விலாவில் சாய்ந்து சும்மா இருந்தான். அவனை அடக்க அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பத்து நாள் பொறுக்க என்னால் முடியாமல் போனது. அப்படியே அறுத்தேன்.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சேவல் சாறு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை தங்காமல் போனாலும் உடம்பு தேற வேண்டுமே என்று கொடுப்பார்கள். மறுநாள் சொர்ணம் அக்கா அந்தச் சேவலையே மிளகு தட்டிப் போட்டு, சாறு வைத்துக் கிண்ணத்தில் எடுத்து வந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செங்கமலம் இரண்டு வாய் குடித்தாள். பிறகு கொல்லைப்பக்கம் காதைக் கொடுத்தாள்.

"விடிஞ்சதுலேருந்து தொரை சத்தத்தைக் காணமே" என்றாள்.

சொர்ணம் அக்காவின் கண் கிண்ணத்துக்குப் போனது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் அவளுடைய தம்பி ராசு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருந்து தேறட்டும் என்றான். செங்கமலம் ஒரு மாற்றுச்சேலையை மட்டும் எடுத்து வைத்தாள். ராசு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரம், அவள் வாசற்படியில் நின்று என்னிடம் பேசினாள். சாறு கொடுத்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"தொரைக்கு நீங்க யாருன்னு தெரியலைங்க. இன்னொரு சேவன்னு நெனைச்சுக்கிட்டு ஒங்க மேல பாஞ்சான். ஒங்களுக்கு நான் யாருன்னு தெரியுமுல்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி தெருமுனை தாண்டும்போது வாசலை விட்டு இறங்கினேன். பின்னாலேயே ஓடினேன். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி, "ராசு, சேவ இல்லடா. நான்தான் தள்ளுனேன். என்னைய அடி. எல்லாருக்கும் முன்னால அடிடா!" என்று கத்தினேன். ஊரே கேட்டது.

ராசு கீழே குதித்தான். அடிக்கப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் என் தோளில் கையைப் போட்டான்.

"ஏன் மச்சான் இப்புடிப் பேசுறீங்க? சேவதான் குறுக்க பாஞ்சுச்சுன்னு அக்காவே சொல்லிருச்சு. இப்புடி ஒங்க மேலேயே பழியைப் போட்டுக்கிட்டா செத்த புள்ள வந்துருமா?"

நான் செங்கமலத்தைப் பார்த்தேன். "நீ சொல்லு புள்ள, நீயாவது சொல்லு" என்றேன். அவள் முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள்.

"நேரமாச்சு. வண்டிய விடு ராசு" என்றாள்.

பாவம், பிள்ளையும் போய்ப் பெண்டாட்டியும் போன ஏக்கத்தில் உளறுகிறான் என்று நாலு பேர் என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சொர்ணம் அக்கா மூன்று நாள் சோறு கொடுத்து அனுப்பினார்.

பதினோரு வருஷம் ஆகிறது. ஏழெட்டுத் தடவை போய்க் கூப்பிட்டிருக்கிறேன். பாய் விரிப்பாள், மோர் கொடுப்பாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். வீட்டுக்கு வா என்றால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். "எல்லாம் அந்தப் பாழாப்போன சேவயால வந்தது மாப்புள" என்று என் மாமியார் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். செங்கமலம் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை என்னைக் கை காட்டி, இந்தப் பாவிதான் என்று வாய்விட்டுத் திட்டியிருந்தால், அவள் என்னோடு திரும்பி வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் திட்டவே இல்லை.