கீழே வைத்த கிண்ணம்

அன்று என் கூடாரத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: ருவைஹிக் கூட்டத்தின் ஷேக், ஜத்ஆன் மகன் முத்லக், அதாவது நான். காப்பி காய்ச்சும் சாதூன். ஹுதைரிக் கூட்டத்தின் ஷேக் தஹாம். துருக்கியக் கேப்டன் நெஜாத்தி. அவன் பேச்சை எங்கள் மொழியில் மாற்றிச் சொல்ல வந்த கிரக் நகரத்து ரிஸ்க். திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவி வத்ஹா. வெளியே சிப்பாய்கள் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்; அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. தாங்களும் அங்கே இருந்ததாக இன்று மஆன் கடைத்தெருவில் கதை சொல்கிறவர்கள் எவரும் அங்கே இல்லை.

என் ஒரே மகன் நஹார் குளிர்காலம் முதல் கிரக் கோட்டையில் பிணையாக இருந்தான். ருவைஹிகள் துருக்கியரின் ரயில் பாதையைத் தொடமாட்டார்கள் என்பதற்கு அவன் உயிர் ஈடு. அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டி போட்ட ஒட்டகங்களுக்கும் பால் இல்லை. துருக்கியர் கொடுத்துவந்த கோதுமையும் நின்றது. அப்போதுதான் ஆங்கிலேயர் ஆற்றைத் தாண்டி அம்மான் வரை வந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. துருக்கியரை எதிர்த்து ஆங்கிலேயரோடு சேர்ந்திருந்த ஷரீஃபின் ஆட்கள் வந்து, "சத்தியம் பண்ணுங்க, கிரக் விழுந்த அன்னிக்கே உங்க பையன் நடந்து வெளிய வருவான்" என்றார்கள்.

சத்தியம் செய்தேன். என்னோடு தஹாமும் செய்தான். என் தம்பி அவாதை ஈட்டியால் குத்திக் கொன்றவன் இந்தத் தஹாம். துருக்கியர் போகும்வரை அந்தப் பழியை ஒதுக்கி வைப்பதாக மணலில் வாளால் கோடு கிழித்து ஒப்புக்கொண்டோம். இன்னும் இரண்டு கூட்டங்கள் சத்தியம் செய்தன. அவற்றின் பெயரை இன்றும் நான் சொல்லப்போவதில்லை.

பிறகு ஆங்கிலேயர் வந்த வழியே ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போய்விட்டார்கள். கிரக் விழவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு ரயில் பாலம் வெடித்துச் சிதறியிருந்தது. யார் வழி காட்டியது என்று துருக்கியர் தேட ஆரம்பித்தார்கள்.

இனி என்ன செய்வது என்று பேசத் தஹாம் வந்திருந்தான். முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு முகம் சுளித்தான்.

"உன் காப்பி உன்ன மாதிரியேதான்யா. கசப்பு ஜாஸ்தி, சூடு கம்மி."

"பிடிக்கலன்னா உன் கூடாரத்துக்குப் போய்க் குடி" என்றேன்.

"அங்க காப்பிக்கொட்டை இருந்தா நான் ஏன் உன் மூஞ்சியப் பாக்க வர்றேன்?"

சாதூன் சிரித்தான். அந்த வசந்தத்தில் என் கூடாரத்தில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது. குதிரைச் சத்தம் கேட்டது. கேப்டன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தஹாமைப் பார்த்ததும் அவன் புருவம் உயர்ந்தது. ரிஸ்க் அவனுக்காகக் கேட்டான்:

"ஜென்ம எதிரிங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்பங்கரையில உக்காந்திருக்கீங்களே, என்ன விசேஷம்?"

"பட்டினி கிடக்கறவனுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது?" என்றான் தஹாம். "சமாதானம் பேச வந்தேன். பேச்சு முடியல. நடுவுல நீங்க வந்துட்டீங்க."

சாதூன் கேப்டனிடம் கிண்ணத்தை நீட்டினான். கேப்டன் வாங்கினான். குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தான்.

எங்களில் விருந்தாளி அப்படி வைத்தால் அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது என்று அர்த்தம். அதை நிறைவேற்றாமல் அந்தக் காப்பி ஆறிப்போனால் வீட்டுக்காரன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் தகப்பனார் என்ன சொல்லியிருப்பாரோ அதையே நானும் சொன்னேன்.

"குடிங்க. உங்க தேவை நிறைவேறிடுச்சு."

என்ன தேவை என்று முதலில் கேட்டிருக்கலாமே என்கிறார்கள். கேட்டுவிட்டுக் கொடுப்பவன் கடைக்காரன். துருக்கியர் எப்போதும் கேட்பது ஒட்டகம்தான். அதைத்தான் கேட்பான் என்று எண்ணினேன். வேறு எதைக் கேட்பான் என்று தெரிந்திருந்தாலும் என் வாய் அதையேதான் சொல்லியிருக்கும்.

கேப்டன் கிண்ணத்தை எடுக்கவில்லை. ரிஸ்க் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கேப்டன் கேக்கறது ஒட்டகம் இல்ல, ஷேக். ஷரீஃப் பக்கம் சத்தியம் பண்ணினது எந்தெந்தக் கூட்டம்? அத மட்டும் சொல்லுங்க போதும். நாளைக்கு சாயங்காலம் நஹார் இங்க உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான்."

திரைக்குப் பின்னால் வத்ஹா கையளவு பார்லியைத் திரித்துக்கொண்டிருந்தாள். திரிகைச் சத்தம் நின்றது. தஹாம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரல் மட்டும் இடுப்புக் கத்தியின் பிடிமேல் போய் உட்கார்ந்தது.

கேப்டனுக்கு எங்கள் மொழி கொஞ்சம் வரும். அவனே சொன்னான்:

"அபூ நஹார். நஹாரோட தகப்பன். நல்ல பேரு. இன்னும் எத்தனை நாளைக்கு?"

யாருமே சத்தியம் செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் தேவை நிறைவேறியது என்று சொன்ன வாய் அது. அதே மூச்சில் பொய் சொல்ல முடியாது. தஹாமைக் கை காட்டலாம். என் தம்பியின் ரத்தம் அவன் கையில் இருக்கிறது. அவன் பெயரைச் சொன்னால் என்னைக் கேட்பார் இல்லை, மகனும் வந்துவிடுவான்.

"அபூ நஹார்" என்று திரைக்குப் பின்னாலிருந்து வத்ஹா கூப்பிட்டாள்.

அந்நிய ஆண்கள் காதில் விழும்படி அவள் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் முறை. மகன் பெயரை வைத்தே கூப்பிட்டாள்.

"ருவைஹி" என்றேன்.

ரிஸ்க் தலை நிமிர்ந்தான். "அப்புறம்?"

"என் கூடாரத்தப் பத்தி எனக்குத் தெரியும். நாங்க சத்தியம் பண்ணினோம். அடுத்தவன் சத்தியம் அவன் வாயில இருக்கு. அவன் வாயத் திறந்து எடுத்துக்குங்க."

ரிஸ்க் உடனே மாற்றிச் சொல்லவில்லை. அவன் உதடு வெளுத்துவிட்டது. கேப்டனுக்குப் புரியாத வேகத்தில் முணுமுணுத்தான்: "ஷேக், உங்க காலப் பிடிக்கறேன். யோசிக்க நாலு நாள் கேக்கறார்னு சொல்லிடறேன். சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க."

"நான் சொன்னத சொல்லு."

"நஹாரக் கோட்டையில பாத்திருக்கேன், ஷேக். சின்னப் பையன்..."

"சொல்லுடா."

சொன்னான். கேப்டன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். போதும் என்பதற்கு எங்கள் ஆட்கள் செய்வதுபோலக் கிண்ணத்தை மெல்ல ஆட்டி சாதூனிடம் கொடுத்தான். எழுந்தான். நான் வாசல்வரை போய் அவன் குதிரையின் அங்கவடியைப் பிடித்து ஏற்றிவிட்டேன். விருந்தாளிக்குச் செய்ய வேண்டியது அது.

தூசி அடங்குமுன் தஹாம் என் கையைப் பிடித்தான்.

"ஏழே பேரு. பள்ளத்தாக்குல மடக்கிடலாம். ஒருத்தனும் கிரக் போய்ச் சேர மாட்டான். நீ சொன்னது அவங்களோடயே மண்ணுக்குள்ள போயிடும். உன் பையன் பிழைப்பான்யா!"

"என் காப்பி அவன் வயித்துல இருக்கு."

"நீ பெத்தது கோட்டையில இருக்கே!"

"கிரக் போய்ச் சேர்றவரைக்கும் அவன் என் விருந்தாளி. மத்தது அதுக்கப்புறம்."

"சரி, நீ வராத. நான் போறேன். என் கூட்டத்து ஆளுங்க போதும்."

"நீயும் அதே பானையிலதான் குடிச்ச" என்று அவன் ஒட்டகத்தின் முன்னால் போய் நின்றேன். அவன் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். நான் நகரவில்லை. என் தம்பியைக் கொன்றவன், என் மகனைக் காப்பாற்ற வழிவிடு என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் ததும்பியது. வெயில் சாயும்வரை அப்படியே நின்றோம். பிறகு அவன் ஒட்டகத்தைத் திருப்பிக்கொண்டு தன் கிணற்றுப் பக்கம் போனான்.

உள்ளே வந்தேன். திரை விலகியிருந்தது.

"ஒரு கிண்ணம் காப்பிக்கு என் பிள்ளையக் குடுத்துட்டீங்க" என்றாள் வத்ஹா.

இரவே தெற்கே ஷரீஃபின் பாசறைக்கு ஆள் அனுப்பினேன். பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. அது வந்து சேர்ந்த நாளில் கிரக்கிலிருந்து ரிஸ்க் அனுப்பிய செய்தியும் வந்தது. நான் தனியாகப் போனேன். வத்ஹாவும் வருவேன் என்றாள். கோட்டை வாசலில் கூட்டம் பார்க்க அவள் நிற்பதை நான் விரும்பவில்லை. நான் திரும்பி வந்தபோது அவள் தன் சகோதரர்களின் கூடாரத்துக்குப் போய்விட்டிருந்தாள். நான் கூப்பிடப் போகவில்லை. அவள் வரவும் இல்லை.

அடுத்த வாரம் துருக்கியக் குதிரைப்படை தஹாமின் கிணற்றடியைத் தாக்கியது. அவர்களுக்கு வழி சொன்னவன் தஹாமின் சொந்தக் கூட்டத்து மேய்ப்பன் ஒருவன். அவன் பெயர் ஹுதைரிகளுக்குத் தெரியும். தஹாம் கிணற்றடியிலேயே விழுந்தான். நான் அவன் பெயரைச் சொல்லவில்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஷேக் அவன்தான்; அந்தச் சாட்சியும் அவனோடு போனது. அன்றிலிருந்து ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. தம்பியின் பழியைத் தீர்க்க முத்லக் தஹாமைக் காட்டிக்கொடுத்தான், அதற்குக் கூலியாக மகனை வாங்கிக்கொண்டான், நஹார் டமாஸ்கஸில் துருக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான் என்கிறார்கள்; அவனை நேரில் பார்த்ததாகவே சொல்கிறார்கள்.

வத்ஹா அதை நம்புகிறாள். ஒவ்வொரு பெருநாளன்றும் இறைச்சியில் அவன் பங்கை எடுத்து வைக்கிறாள் என்று கேள்வி. போன பெருநாளுக்குத் தன் அண்ணன் மகனை என்னிடம் அனுப்பினாள். அவன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"குடி. உன் தேவை நிறைவேறிடுச்சு" என்றேன்.

"அத்தை கேக்கச் சொன்னாங்க. நஹார் டமாஸ்கஸ்லதான் இருக்கான்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லணுமாம். அது போதுமாம்."

அவனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நஹார் டமாஸ்கஸில் இல்லை. கிரக் கோட்டை வாசலில் கயிற்றிலிருந்து அவனை இறக்கியவன் நான். கழுவியவனும் நான். கோட்டைக்குக் கிழக்கே, சாலையின் இடப்பக்கம், அவனைப் புதைத்திருக்கிறேன்.